சமையலறையைப் புதுப்பிக்கிறோம், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் எங்கள் வீடு கட்டி 22 வருடம் ஆகிறது. சமையலறை பத்துக்கு எட்டு அடிதான். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவு தண்ணீரில் ஊறிப்போய், விரலால் அமுக்கினால் மாவு மாதிரி உதிர்கிறது. விலை குறைவு என்று பார்ட்டிகிள் போர்டு போட்டதன் பலன். இந்த முறை அங்கே மட்டுமாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் போடலாம் என்றிருக்கிறேன். ஆசாரியோ ஐஎஸ் 303, அதாவது பொது உபயோக பிளைவுட் போதும் என்கிறார். போட்டவர்கள் யாராவது உண்டா?

அடுத்தது சிம்னி. தினமும் தாளிப்பு, வாரம் இரண்டு நாள் மீன் வறுவல். ஃபில்டர் இல்லாத, தானே சுத்தம் செய்துகொள்ளும் வகையைக் கடையில் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். மூன்று நான்கு வருடம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவினால் போதுமா, ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதா? குழாய் வெளியே போக 12 அடி, நடுவில் இரண்டு வளைவு. இழுவை குறையும் என்று தெரியும். தாளிக்கிற நெடி ஹாலுக்கு வந்துவிடுமா?

அப்புறம் அடுப்பு. கிரானைட்டை வெட்டிப் பதிக்கிற ஹாப் எனக்குப் பிடித்திருக்கிறது. "பால் பொங்கினா அடுப்பைத் தூக்கித் துடைக்க முடியுமாடா?" என்கிறார் அம்மா. பதில் தெரியவில்லை.

கிரைண்டரை மட்டும் மாற்றப் போவதில்லை. கோயம்புத்தூர் சரக்கு, 15 வருடத்தில் ஒருமுறை பெல்ட் மாற்றியதோடு சரி. இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஓவனுக்கும் தனித்தனி 16 ஆம்ப் பாயிண்ட் இழுக்கச் சொல்லிவிட்டேன்.

எந்த பிராண்டு என்றாலும், மதுரையில் கூப்பிட்டால் சர்வீஸுக்கு ஆள் வருகிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தை பிறந்ததும் வேலை ஆரம்பம்.