புதுப்பிப்பு: அம்மாவின் விரல் வலி, ரூமட்டாலஜிஸ்ட்டைப் (மூட்டு நோய் நிபுணரை) பார்த்துவிட்டோம்

காலையில் அம்மாவின் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்குவதில்லை, பார்த்த டாக்டர் "வயசாகிடுச்சு" என்று அனுப்பிவிட்டார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். ரூமட்டாலஜிஸ்ட்டிடம் போகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம்தான்.

ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன்பே ரூமட்டாலஜிஸ்ட் அம்மாவின் கையைத்தான் பிடித்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளையும் ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திப் பார்த்தார். "ரவிக்கை கொக்கி போட முடியுதாம்மா?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டார். எங்களிடம்கூட அதை அவர் சொன்னதில்லை.

அவர் எழுதித் தந்த மருந்து மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், சீட்டில் கிழமையைப் பெரிதாக எழுதி, அம்மாவையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். கூடவே ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம், அதுவரை மனம் தளராதீர்கள் என்றார்.

கிளம்பும்போது, ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். பயிற்சிக் காலத்தில் வார்டில் விரல்கள் கோணிப்போன பின் வந்தவர்களையே அதிகம் பார்த்தாராம். 1990களின் இறுதியில், மூட்டு வீக்கத்தைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் பயாலஜிக் மருந்துகள் வந்தபோது, இனி சீக்கிரம் வருபவர்களின் கையைக் காப்பாற்றலாம் என்று தோன்றியதாம்.

இப்போது நான்காவது வாரம். விறைப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறார் அம்மா. அடுத்த பரிசோதனை முடிந்ததும் எழுதுகிறேன்.