தவணை கட்டும் காலத்தில் அண்ணா தரும் காசும் காப்பும்: வங்கிக்குச் சொல்ல வேண்டுமா?

கோண்டாவில்_அம்மா:
தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள், இரண்டு கிழமையாகச் சரியான நித்திரை இல்லை. என் கணவர் சீமெந்துக் கல் அரிந்து விற்றவர். 2022இல் சீமெந்து விலை ஏறிக் கட்டட வேலைகள் நின்றபோது தொழில் படுத்துவிட்டது. வங்கிக் கடன் ஏழு மாதம் கட்டுப்படாமல் கிடந்து, கடைசியில் மிச்சம் 9 இலட்சத்தை 48 மாதத் தவணையாக மாற்றித் தந்தார்கள். மாதம் 24,600 ரூபா. அதற்குப் பிறகு ஒரு மாதமும் பிந்தவில்லை.

போன மாதம் மகள் பெரியபிள்ளை ஆகிவிட்டாள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா தண்ணீர் வார்ப்புக்கு 3 இலட்சமும், தாய்மாமன் முறைக்கு இரண்டு பவுணில் ஒரு சோடி காப்பும் தருகிறேன் என்கிறார். லண்டன் மச்சாளோ, கடன் ஒழுங்கில் இருக்கிறவர்கள் கிடைக்கும் அன்பளிப்பை எல்லாம் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்கே முறிந்துபோகும் என்று பயப்படுத்திவிட்டா. இன்னொன்றும் மனதை அரிக்கிறது. எங்களுக்குப் பிணை நின்ற மாஸ்டருக்கு அப்போது வங்கியிலிருந்து கடிதம் போனது. அவர் சைக்கிளைப் படலையடியில் நிறுத்தி, சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துத் தந்துவிட்டு, தண்ணீரும் குடிக்காமல் போனார். அவருக்கு முன்னால் மகள் புதுக் காப்போடு நிற்பதை எப்படிப் பார்ப்பேன்?

ஓய்வுபெற்ற_வங்கியாள்:
தங்கச்சி, நீண்ட காலம் கடன் பிரிவில் இருந்தவன் நான். உங்களுக்குத் தந்தது கடன் மீளட்டவணை, அதாவது மிச்சக் கடனைப் புதிய தவணைகளாக மாற்றுவது, அது வங்கிக்கும் உங்களுக்கும் இடையிலான உடன்படிக்கை மட்டும்தான், வங்குரோத்து வழக்கு இல்லை. அதனால் கையில் இருக்கும் அந்தக் கடிதத்தை முதலில் வரிவரியாக வாசியுங்கள். அன்பளிப்பு, மேலதிக வருமானம் பற்றி அதில் ஏதும் இருந்தால் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தாய்மாமன் முறையை வங்கிக்கு அறிவிக்க ஒரு தேவையும் இல்லை. கிறிப் என்று நாங்கள் சொல்லும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தில் கடனும் அதைக் கட்டிய விதமும் பதிவாகும், யார் என்ன தந்தார் என்பது பதிவாகாது.

கவனிக்க வேண்டியது எந்தக் கணக்குக்குக் காசு வருகிறது என்பதுதான். கடன் நிலுவையில் இருந்தால், அதே வங்கியில் உங்கள் பெயரில் கிடக்கும் காசை அதற்கு ஈடுசெய்யும் உரிமையைப் பெரும்பாலான கடன் பத்திரங்களில் எழுதி வாங்கியிருப்பார்கள். நீங்கள் பிந்தாமல் கட்டுவதால் பயம் குறைவு, ஆனாலும் அந்த ஏழு மாதத்துத் தண்டவட்டி எங்காவது தனியாக நிற்கிறதா என்று கிளையில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காசை வேறு வங்கிக் கணக்குக்கு வரவையுங்கள், அது ஒளிப்பு இல்லை. மகளின் சிறுவர் சேமிப்புக் கணக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள், வழக்கமாக 18 வயது வரை எடுக்க விடமாட்டார்கள், சடங்குக்கு உதவாது.

ஹரோ_வாசி:
மச்சாள் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது இங்கே இங்கிலாந்துக் கதை. நானும் ஐவிஏ எடுத்தவன், அது கட்ட முடியாதவர் கடன்காரரோடு சட்டப்படி செய்யும் ஒழுங்கு. பொதுவாக ஐந்து, ஆறு வருடம் கட்ட வேண்டும், அனுமதிப் பத்திரம் உள்ள ஒருவர் மேற்பார்வை செய்வார், முடிவில் அதற்குள் அடங்கிய மிச்சக் கடனைத் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிடுவதால்தான் நடுவில் வரும் பரிசு, முதுசம், லொத்தர் எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறார்கள். அக்கா 2,000 பவுண்ஸ் தந்தபோது நான் சொன்னேன், பெரும்பகுதி கடன்காரருக்குப் போனது. உங்கள் வங்கி ஒரு சதத்தையும் விட்டுத்தரவில்லையே, முழுவதையும் வட்டியோடு வாங்குகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழம்பாதீர்கள்.

சுன்னாகம்_தையல்:
அக்கா, வங்கியை விட எனக்குப் பயம் சொந்தத்துக்குள் வரும் கணக்குத்தான். என் அண்ணாவும் ஒருக்கால் காசு அனுப்பினார், நான் உதவி என்றுதான் நினைத்தேன். நாலு வருடம் கழித்து அம்மாவின் காணியைப் பிரிக்கும்போது அந்தக் காசும் கணக்கில் வந்தது. இது அன்பளிப்பா கைமாற்றா என்று இப்போதே கேளுங்கள், வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதித் தரட்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மண்டபம் எடுக்காதீர்கள். முற்றத்தில் பந்தல் போட்டுச் செய்தால் 3 இலட்சத்தில் இரண்டு மூன்று தவணைக்கு மிஞ்சும், அதைத் தொடாமல் வையுங்கள். கை இறுகும் மாதத்தில் முதல் நினைவு காப்பை அடைவு வைப்பதாகத்தான் இருக்கும், நான் வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. பிறகு மாஸ்டர். சடங்குக்குச் சொல்லப் போகும் முதல் வீடு அவருடையதாக இருக்கட்டும். காப்பு அண்ணா தருவது, தவணைக் காசில் கைவைக்கவில்லை என்று நீங்களே சொல்லுங்கள், கட்டிய சிட்டைகளையும் கொண்டுபோங்கள். ஊரார் வாயால் அவர் கேட்கக் கூடாது.

கோண்டாவில்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. கடிதத்தை எடுத்து வாசித்தோம், தொழிலோ விலாசமோ மாறினால் அறிவிக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. தண்டவட்டி பற்றித் திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். அண்ணாவிடம் கேட்டேன், கொஞ்ச நேரம் கதைக்கவில்லை, பிறகு "அது மருமகளுக்கு, உனக்கில்லை" என்று எழுதி அனுப்பினார். சிட்டைகளை மாத வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை இருவருமாக மாஸ்டர் வீட்டுக்குப் போகிறோம்.