சேந்தமங்கலம் யூதர் கல்லறைகள்: எபிரேயம் படிக்கத் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். கேரளத்தில் பரவூருக்கு அருகே சேந்தமங்கலம் என்ற கிராமத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். அங்கிருந்த யூதர்கள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். வீட்டில் மலையாளம் பேசிய, பெண்கள் மலையாளத்திலேயே பாட்டுக் கட்டிப் பாடிய சமூகம் அது. அவர்களுடைய ஜெப ஆலயம் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் முன்னால் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த, இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவின் கல்லறைக் கல்லையும் பார்த்தேன். இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது என்கிறார்கள்.

ஆலயத்துக்கு வெள்ளையடித்த கைகள் இடுகாட்டுப் பக்கம் எட்டவில்லை போலும். புதரும் கொடியும் மண்டி, கால் வைக்கவே பாம்புப் பயம். சில கற்களில் எழுத்து தேய்ந்திருக்கிறது.

எபிரேய எழுத்து படிக்கத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் படங்களை அனுப்புகிறேன். பெயரும் ஆண்டும் தெரிந்தாலே போதும். தேய்ந்த கல்லைப் படமெடுக்க மாவு, சுண்ணக்கட்டி தடவச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனமில்லை, கல் கெட்டுவிடும். கண்ணாடியால் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பிப் படமெடுத்துப் பழகியவர்கள், எந்த நேரம் தோதானது என்று சொல்லுங்கள். புதர் வெட்ட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், பஞ்சாயத்திலா தொல்லியல் துறையிலா? அடுத்த மாதம் மீண்டும் போகிறேன்.