பக்கத்து வீட்டுக்குக் கதம்பமும் கற்பூரவல்லியும்: யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சுகிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கடையில் வாங்கிய ஸ்வீட் பெட்டியோடு போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. என் கையால் செய்ததைக் கொடுக்க ஆசை.

சாமி படத்துக்கு இரண்டு முழம் கதம்பம்: மல்லி, கனகாம்பரம், மருக்கொழுந்து, நடுநடுவே துளசி. கூடவே ஒரு சின்ன மண்தொட்டியில் கற்பூரவல்லி. போன மாதம் ஒடித்து நட்ட கொம்பு நன்றாக வேர் பிடித்துவிட்டது. கணுவுக்குக் கணு இரண்டு குட்டி இலைகள், மேலெல்லாம் பூனைமுடி. தொட்டாலே விரலில் வாசம் ஒட்டிக்கொள்கிறது.

சிக்கல் கதம்பத்தில்தான். மல்லி மொட்டு சாயங்காலமே விரிய ஆரம்பித்துவிடும். அதனால் வியாழக்கிழமை மதியமே மொட்டாகக் கட்டி வைக்க வேண்டும். சரி, ஒரு முறை செய்து பார்ப்போம் என்று போன வாரம் ஒரு முழம் கட்டி, ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் மல்லி அப்படியே இருந்தது. துளசி இலை மட்டும் கறுத்து, சரத்தின் அழகே போய்விட்டது. மருக்கொழுந்தும் துவண்டிருந்தது.

பூக்கட்டிப் பழகிய அக்காமார்கள் சொல்லுங்கள். துளசியையும் மருக்கொழுந்தையும் காலையில் தனியாகக் கட்டிச் சேர்க்கலாமா? வாழை இலையில் பொதிந்து வெளியிலேயே வைத்தால் தாங்குமா? அப்புறம், வாழைநாரை எவ்வளவு நேரம் ஊறவைப்பீர்கள்? எனக்குப் பாதியிலேயே அறுந்துபோகிறது. நூலில் கட்ட விருப்பமில்லை. புதன்கிழமைக்குள் சொன்னால் இன்னொரு முறை கட்டிப் பார்த்துவிடுவேன்.