அனோரெக்சியா (சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடம்பு ஆபத்தாக மெலியும் மனநோய்): பெங்களூர் வீடுகளில் பார்த்தது

அல்சூர் அம்மா:
பத்தாவது லீவுல மகளுக்கு ஆரம்பிச்சது. சோறு போச்சு, அப்புறம் சப்பாத்தி, அப்புறம் எண்ணெய் பட்ட எதுவுமே. ஆனா நாள் முழுக்க சமையல் வீடியோ. எங்களுக்கு கேக் செஞ்சு கொடுத்துட்டு ஒரு துண்டு தொடமாட்டா. பட்டினி கிடக்கிற மூளை அப்படித்தானாம். 1945ல மின்னசோட்டாவுல 36 ஆம்பளைங்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ச்சி பண்ணினாங்க, அவங்களும் சமையல் புத்தகத்தோட உட்கார்ந்துட்டாங்களாம்.

மாதவிலக்கு நின்னதுக்கு ஒரு கிளினிக்ல ஹார்மோன் மாத்திரை கொடுத்தாங்க, நாடி கூடப் பார்க்கல. மாமியார் சுத்திப் போட்டாங்க. அவங்களாவது யாரையும் திட்டல. நாத்தனார்தான், "ரெண்டு பேரும் வேலைக்கு ஓடினா இப்படித்தான்"னு. நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, "யார் காரணம்னு தேடறதை விடுங்க, தட்டுல என்ன, எவ்வளவுன்னு இனி நீங்களும் சாரும் முடிவு பண்ணுங்க"ன்னாங்க. 1980கள்ல லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில உருவான முறையாம்: முதல்ல பெத்தவங்க கையில சாப்பாடு, எடை ஏறினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பிள்ளை கையில.

ரெண்டு இட்லிக்கு ஒரு மணி நேரம். தட்டு பறந்திருக்கு. அவர் ஐபிஎல் பத்தியே பேசிக்கிட்டு உட்கார்ந்திருப்பார், எழுந்திருக்க மாட்டார்.

வயலின் பொண்ணு:
அக்கா, எனக்கு 'குண்டாயிருக்கேன்'னு தோணினதே இல்ல, வயிறு உப்புதுன்னுதான் சாப்பிடல. அதனால இந்த நோயே இல்லன்னு வீட்டுல வாதாடினாங்க. 1990கள்ல ஹாங்காங் நோயாளிகள்லயும் நிறைய பேர் இப்படித்தான்னு என் டாக்டர் சொன்னார். அம்மா வெள்ளி, சஷ்டி, கிருத்திகை விரதம். நானும் சேர்ந்துக்கிட்டேன், பக்தின்னு பெருமைப்பட்டாங்க. வீடு காரணமில்லைங்கறது சரி. ஆனா ஒளிய இடம் அங்கதான் கிடைச்சது. பெண் பார்க்க வந்தவங்க வேற, "ஒல்லியா லட்சணமா இருக்கா"ன்னுட்டுப் போனாங்க.

கே.ஆர்.புரம் அண்ணன்:
தம்பி ஜிம், டயட்னு எலும்பா நிக்கறான். பசங்களுக்கும் வருமா? மனநோய்னு ஃபைல்ல ஏறிடும்னு அம்மா வரமாட்டேங்கறாங்க.

அல்சூர் அம்மா:
வரும் தம்பி, பசங்கன்னா கண்டுபிடிக்கத்தான் லேட்டாகும். அம்மாவை 14416ல, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண்ல, பேச வைங்க, தமிழ்லயே பேசலாம், காசில்ல. அவன் மயங்கி விழுந்தா காத்திருக்காதீங்க, நேரா கேஷுவாலிட்டி. பயந்துபோய் ஒரே நாள்ல நிறைய ஊட்டிடாதீங்க. ரொம்ப மெலிஞ்ச உடம்புல ரத்தத்துல இருக்கிற பாஸ்பேட்ங்கற உப்பு திடீர்னு இறங்கும், இதயத்துக்கு ஆபத்து. எங்க பொண்ணுக்கு வார்டுல ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டினாங்க.