ஸ்நோடன் ஆவணங்களும் கார்டியனின் ஊடாடும் பக்கமும்: விளக்கமா, வித்தையா?

முகிலன்:
அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ (தேசியப் பாதுகாப்பு முகமை) பற்றி அதன் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் எட்வர்ட் ஸ்நோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களை வைத்து கார்டியன் நாளிதழ் 2013 நவம்பரில் 'என்எஸ்ஏ ஃபைல்ஸ்: டீகோடட்' என்ற ஊடாடும் பக்கத்தை வெளியிட்டது. புலனாய்வுச் செய்தியை இணையத்தில் சொல்வதற்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் பார்த்ததில்லை. திரையை உருட்டிக்கொண்டே போனால், பத்திகளுக்கு நடுவே அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர் ஸோ லாஃப்க்ரென் போன்றோர் தாமாகவே பேசத் தொடங்குகிறார்கள். சந்தேகத்துக்குரியவரிடமிருந்து இரண்டு, மூன்று 'தாவல்' வரை, அதாவது அவரோடு தொடர்புள்ளவர்கள், அவர்களோடு தொடர்புள்ளவர்கள் என்று அடுத்தடுத்த வட்டங்கள் வரை தேடுவதுண்டு என்று அந்த உளவு அமைப்பின் துணை இயக்குநர் ஜான் இங்லிஸ் அவ்வாண்டு ஜூலையில் கீழவைக் குழுவிடம் சொன்னபோது பெரும்பாலானோருக்கு அது உறைக்கவில்லை. 190 ஃபேஸ்புக் நண்பர்கள் உள்ளவருடைய மூன்றாம் தாவலில் 50,72,916 பேர் அகப்படுவார்கள் என்று இந்தப் பக்கம் காட்டியபோதுதான் உறைத்தது.

பூங்கோதை:
அந்த எண் எப்படி வந்தது என்று தாளில் போட்டுப் பார்த்தேன். நண்பர்களில் 14 விழுக்காட்டினர் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் நண்பர்கள் என்று கழித்தால் 190 என்பது 163.4 ஆகிறது. 190-ஐ அதனால் பெருக்கினால் 31,046. மறுபடியும் பெருக்கினால் 50,72,916. பெருக்கலில் பிசகில்லை. ஆனால் முதல் வட்டத்துக்கான கழிவே மூன்றாம் வட்டத்துக்கும் பொருந்தும் என்பதற்கு என்ன ஆதாரம்? என் தாயாருக்கு ஃபேஸ்புக்கில் 60 நண்பர்கள். இந்தக் கணக்குப்படி அவருடைய மூன்றாம் தாவலில் ஏறத்தாழ 1,60,000 பேர் இருக்க வேண்டும். அந்த அறுபது பேரும் ஒரே ஊர்க்காரர்கள், அவர்களில் பாதிப்பேர் பங்காளிகள். எந்தப் பக்கம் தாவினாலும் அதே முகங்கள்தாம் வரும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இங்லிஸ் பேசியது தொலைபேசி அழைப்புப் பதிவுகளைப் பற்றி. ஒருமுறைகூடப் பேசியிராத ஃபேஸ்புக் நண்பரை அழைப்புப் பதிவுக்கு ஈடாக வைப்பது எப்படிச் சரியாகும்?

முகிலன்:
அது உவமை, அம்மா. உறுதிமொழிப் பத்திரம் அல்ல. மேலும் 2014 ஜனவரியில் அதிபர் ஒபாமாவே மூன்று தாவலை இரண்டாகக் குறைத்தார் என்பதையும் பாருங்கள்.

தணிகைவேல்:
அந்த முடிவை ஒரு வரைபடத்தின் கணக்கில் வரவு வைப்பது மிகை. நான் சொல்ல வந்தது வேறு. நாளொன்றுக்கு இணையத்தில் ஓடும் 1,826 பெட்டாபைட்டில் (ஒரு பெட்டாபைட் என்பது பத்து இலட்சம் கிகாபைட்) தாங்கள் 1.6 விழுக்காட்டைத் தொடுவதாகவும், அதிலும் 0.025 விழுக்காட்டையே ஆய்வுக்கு எடுப்பதாகவும் அந்த அமைப்பு 2013-இல் தெரிவித்தது. கூடைப்பந்து மைதானத்தில் கிடக்கும் சிறு நாணயம்கூட அதைவிடப் பெரியது என்று உவமையும் சொன்னது. அதே எண்களைக் கொண்டு கணக்கிட்டால் ஆய்வுக்கு எடுப்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 கிகாபைட் வருகிறது. அதை ஓடும் எண்ணியாகக் காட்டினால் வாசகர் மிரள்வார். நாணயமாகக் காட்டினால் நிம்மதியாகத் தூங்குவார். இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி காணொளி என்பதால், ஒருவரது அந்தரங்கம் எவ்வளவு களவு போகிறது என்பதை அளவைக் கொண்டு அறியவே முடியாது என்ற உண்மை இரண்டிலும் மறைந்துவிடுகிறது. ஆகவே, ஒரு இணையப் பக்கம் தன் அளவுகோலை வாசகரிடம் கொடுக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மருந்து நிறுவனங்களிடம் மருத்துவர்கள் பெற்ற பணத்தை 2010 முதல் தொகுத்த அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி நிறுவனமான புரோபப்ளிகாவின் 'டாலர்ஸ் ஃபார் டாக்ஸ்' பார்வைக்கு வெறும் தேடல் பெட்டிதான். ஆனால் தம் மருத்துவரின் பெயரைத் தட்டினால், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பதிவே கண்முன் வருகிறது.

முகிலன்:
கையில் தரவுத்தளம் இருப்பவர்களுக்கு அது எளிது. கார்டியன் விளக்க வேண்டியிருந்ததோ ஒரு இரகசிய அமைப்பை. அங்கே தேடுவதற்குப் பட்டியல் ஏது? இருப்பினும், அந்த 14 விழுக்காட்டையும் வாசகரே கூட்டிக் குறைத்துப் பார்க்க ஒரு பெட்டி வைத்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பூங்கோதை:
வைத்திருந்தால், ஐம்பது விழுக்காடு என்று இட்ட உடனேயே அந்த ஐம்பது இலட்சம் பதினேழு இலட்சமாக இறங்கியிருக்கும். அப்போதும் உங்களுக்கு உறைத்திருக்குமா?

முகிலன்:
பதினேழு இலட்சமும் எனக்கு உறைக்கத்தான் செய்கிறது.