80டி கேமராவுக்கு பேட்டரி கிரிப் (அடியில் மாட்டும் கூடுதல் பேட்டரிப் பிடி) வாங்கலாமா?

மதுரைப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறேன். கேமரா கேனான் 80டி. எல்பி-ஈ6என் பேட்டரி மூன்று, எல்லாமே நான்கு வருடப் பழசு. போன முகூர்த்தத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து பேட்டரிக் குறி சிவப்பாய்ச் சிமிட்டியது. பையைத் துழாவி மாற்றுவதற்குள் இரண்டு முடிச்சு போச்சு. நாத்தனார் போட்ட மூன்றாவதுதான் கிடைத்தது.

வைஃபையை அணைத்தேன், லைவ் வியூவை, அதாவது பின்திரையைப் பார்த்து எடுப்பதைக் குறைத்தேன். பெரிய வித்தியாசமில்லை. நண்பரின் மலிவு கிரிப்பை ஒருநாள் மாட்டினேன். நெடுக்குவாட்டில் எடுக்க மணிக்கட்டுக்குச் சுகம்தான், ஆனால் அடித் திருகு தளர்ந்துகொண்டே இருந்தது. கேனானின் அசல் கிரிப் பிஜி-ஈ14 இரண்டு பேட்டரி பிடிக்கும். சரி, 730 கிராம் கேமராவில் அந்த எடையும் ஏறுமே.

முகூர்த்தம் முதல் ரிசப்ஷன் வரை கிரிப்போடு எடுப்பவர்களே, அதை வாங்கலாமா, புது பேட்டரி இரண்டே போதுமா?